சாதுவான நாயின் சீற்றம்



விலங்கினங்களுள் மனிதனோடு முதன்முதல் உறவு பூண்டது நாயே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. நம் நாட்டின் பழங்கதையிலும் நாய்க்கு முன்னிடம் உண்டு. விசயனும் அவன் தோழரும் இத்தீவில் வந்திறங்கியபோது நாயுருக் கொண்ட ஓர் இயக்கி அவர்முன் தோன்றினாள். நாய் உண்டெனில் அருகில் ஊரும் இருக்கவேண்டுமென்று கருதி, அவருள் ஒருவன் அதன் பின்னே சென்றான் என மகாவம்சம் கூறுகின்றது. நாயையும் ஊரையும் பிரித்து நினைக்க அக்காலத்தவரால் இயலவில்லை. இன்று தெல்தெனியவில் வாழும் நம்மாலும் இயலாது.

எனினும், இந்தப் பழைய நண்பன் சிற்சில வேளைகளில் நம்மைத் திகைக்க வைக்கின்றது. பல ஆண்டுகள் எவரையும் சினந்தறியாத வீட்டு நாய் ஒருநாள் அயல்வீட்டு நாயின்மீது பாய்ந்து கழுத்தைக் கவ்வுகின்றது. நேற்றுவரை சாதுவாக இருந்ததற்கு இன்று என்ன பேய் பிடித்தது என்று வீட்டார் கலங்குகின்றனர். உடனே ஒருவர் தடியைத் தேடுகின்றார். சில நாள் கழித்து அந்நாயைச் சாக்கிற் கட்டித் தொலைவிலுள்ள சந்தையடியில் விட்டுவரவும் சிலர் துணிகின்றனர். திடீரெனச் சீறும் நாயை மனிதன் எவ்வெவ்வாறு விளங்கிக்கொண்டான், எவ்வெவ்வாறு நடத்தினான் என்னும் வரலாற்றை அறிந்தால், தடிக்கும் சாக்குக்கும் முன்னே செய்யவேண்டியது யாதென்பது தெளிவாகும்.

புத்த சாதகக் கதைகளுள் குக்குர சாதகம் என்பது ஒன்று. குக்குரம் என்றால் நாய். காசி மன்னனின் தேர் ஓரிரவு முற்றத்தில் மழையில் நனைந்து கிடந்தது. அதன் தோல்வார்களை அரண்மனை நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. ஊர் நாய்களே இதனைச் செய்தன என்று கேள்வியுற்ற மன்னன், நாய்களையெல்லாம் கொல்லுமாறு கட்டளையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அப்பிறவியில் நாயாகப் பிறந்திருந்த போதிசத்துவர் மன்னன்முன் சென்று, குற்றவாளி யாரென்று ஆராய்ந்தறிந்தீரோ என்று வினவினார். மோருடன் அறுகுபோன்ற புல்லைக் கலந்து அரண்மனை நாய்களுக்கு ஊட்டுவித்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. மன்னன் நாணித் தன் கட்டளையை மீட்டுக்கொண்டான். தண்டனைக்கு முன் விசாரணை வேண்டும் என்பதே இக்கதையின் உட்பொருள். நம் நாலடியாரும், பழகிய பாகனையே கொல்லும் யானையோடு, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கவும் வால் குழைக்கும் நாயை ஒப்பிட்டு, நாயின் நட்பையே மேலாகப் பேசுகின்றது.

இத்தகைய அறிவு ஏட்டில் இருக்க, நாட்டில் நடந்தது வேறு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட், 1861 இல் வெளியிட்ட தமது இயற்கை வரலாற்று நூலில் நம் தெருநாய்களைப் பற்றி எழுதியுள்ளார். உரியவர் எவருமின்றி மெலிந்து திரிந்த அந்நாய்கள், எதிர்பாராது பேசினாலே அஞ்சி ஓலமிட்டு ஒடுங்கினவாம். ஆயினும் ஓர் அன்பு மொழியோ இரக்கப் பார்வையோ கிடைத்தால், நிலையான பற்றுக்கு அதுவே போதுமாயிருந்ததாம். அந்நாய்கள் பெருகியபோது அரசாங்கம் ஆண்டுக்கொருமுறை வெகுமதி அறிவித்தது. தமிழரும் மலாயரும் தடிகளுடன் வீதிதோறும் துரத்தி, எந்த வாசற்படியில் உணவு பெற்றுப் பழகினவோ அந்த வாசற்படியிலேயே அவற்றை அடித்துக் கொன்றனர் என்று அவர் குறித்துள்ளார். இதனைப் படிக்கும் தமிழர் எவருக்கும் நெஞ்சு சற்றே உறுத்தும். வெகுமதிக்காகவே சிலர் நாய்களை வளர்த்தனர் என நம்ப இடமுண்டு என்றும் அவர் சொல்கின்றார்.

தேசாதிபதி தொரிங்டன் பிரபு வேறொரு வழியை நாடினார். துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்ததோடு நாய்க்கும் வரி விதித்தார். ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலையும் மக்கள்மேற் சுமத்தப்பட்டது. 1848 யூலையில் மக்கள் கண்டிக்குத் திரண்டுவந்து முறையிட்டனர். அம்மாதமே மாத்தளைக் கிளர்ச்சி மூண்டது. அடுத்த மாதம் வீர புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பலவாயினும், நாய்வரியும் அவற்றுள் ஒன்று. சேனைப் பயிரைக் காட்டுப்பன்றியினின்று காத்த நாய், தும்பறைப் பள்ளத்தாக்குக் குடியானவனுக்கு ஓர் ஆள்துணை. அதற்கு வரி கேட்டது அவன் குடும்பத்துக்கே வரி கேட்டதாகத் தோன்றியிருக்கும்.

அரசாங்கத்தார் நாயை அஞ்சியதற்கு நியாயமும் இல்லாமலில்லை. சாதுவான நாய் காரணமின்றிக் கடிப்பது விசர்நோயின் குறியாகவும் இருக்கலாம். 1885 யூலை 6 ஆம் நாள், விசர்நாய் கடித்த யோசேப்பு மெயிஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து ஏற்றத் தொடங்கும்வரை, இந்நோயினின்று தப்ப மருத்துவ வழியே இருக்கவில்லை. இலங்கையில் 1893 இல் விசர்நோய்ச் சட்டமும், 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் இயற்றப்பட்டன. இருந்தும் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கம் பரவியபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. 2006 இல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் நிறுத்தப்பட்டுத் தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பெற்றன. தடியால் ஒரு நூற்றாண்டில் ஆகாததை ஊசி சில பத்தாண்டுகளில் ஆக்கியது.

விசர்நோய் இல்லாத நாய் சீறுவதேன்? இவ்வினாவுக்கு வழிகாட்டியவர் சார்ல்ஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளிப்படுத்தும் முறைபற்றி 1872 இல் அவர் எழுதிய நூலில், மற்றொரு நாயைப் பகைத்து நெருங்கும் நாயின் தோற்றத்தைப் படத்துடன் விளக்கியுள்ளார். உடல் விறைக்கின்றது. தலை சற்றே உயர்கின்றது. வால் நிமிர்ந்து அசையாது நிற்கின்றது. பிடரி மயிர் சிலிர்க்கின்றது. காதுகள் முன்னோக்குகின்றன. கண் இமையாது நிலைக்கின்றது. அதே நாய் அன்பு காட்டும்போது உடல் குழைந்து தாழ்கின்றது, வால் தழைந்து ஆடுகின்றது, காதுகள் பின்சாய்கின்றன. ஆகவே, நாய் பாய்வதற்குமுன் தன் கருத்தை உடலால் சொல்லிவிடுகின்றது. திடீரெனச் சீறியது என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாம் அதனைக் கவனிக்கவில்லை என்பதற்கே சான்று. குரைக்கிற நாய் கடிக்காது என்னும் பழமொழியை நம்பி, உறுமும் நாயை அடித்து அடக்குவோர், அதன் முன்னெச்சரிக்கையைப் பறித்துவிடுகின்றனர். அத்தகைய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு கொள்கை தலைதூக்கியது. 1947 இல் உருடோல்பு செங்கெல் என்பார், பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்ட ஓநாய்களை ஆராய்ந்து, அவை மேலாதிக்கத்துக்காகப் போராடுகின்றன என்றார். நாயும் அவ்வாறே தலைமையை நாடுகின்றது, ஆதலின் அதனை மல்லாத்தி அமுக்கி அடக்கவேண்டும் என்று பயிற்சியாளர் பலர் போதித்தனர். ஓநாய் பற்றி 1970 இல் எழுதி அக்கொள்கையைப் பரப்பியவருள் ஒருவரான டேவிட் மெக் என்னும் அறிஞரே, காட்டு ஓநாய்க் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிய குடும்பம் என்று 1999 இல் எழுதித் திருத்தினார். 2009 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், உரியவர் அடித்தோ உதைத்தோ அடக்க முயன்ற நாய்களுள் 100 க்கு 43 எதிர்த்துச் சீறியதாகக் காணப்பட்டது.

அப்படியாயின் ஆராயவேண்டிய காரணங்கள் யாவை? முதலாவது நோவு. பல், காது, மூட்டு ஆகியவற்றில் வலியுள்ள நாய், மற்றொரு நாய் உராய்ந்தாலே சீறும். நடத்தைக் குறைக்காக நிபுணரிடம் கொண்டுவரப்படும் நாய்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு ஏதோவொரு நோவு இருக்கலாமென 2020 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மூப்பினால் கண்ணும் காதும் மங்கிய நாய் அருகில் வருவதை அறியாது அதிர்ந்து கடிக்கும். குட்டிப் பருவம் கழிந்து முதிர்ச்சி எய்தும் நாய்க்கும், சினைக்காலப் பெட்டைநாய் அயலிலுள்ள ஆண்நாய்க்கும் குணம் மாறும். உணவும் எல்லையும் வேறு காரணங்கள். பழைய தெல்தெனிய நகர், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்கியது. மக்கள் புதிய இடங்களிற் குடியேறினர். காணியின் எல்லையை மனிதன் வரைபடத்தில் காண்கின்றான். நாய் மூக்கினால் அறிகின்றது. புதிதாக ஒரு வீடோ ஒரு நாயோ அயலில் வந்தால், அதன் எல்லைக்கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

சண்டை மூண்டுவிட்டால் கையை இடையில் நுழைத்தலாகாது. கழுத்துப்பட்டியைப் பற்றி இழுத்தலும் கூடாது. வெறியிலுள்ள நாய் தன் எசமானையும் அறியாது கடிக்கும். ஒரு வாளி நீரை முகத்தில் எறியலாம். தகரத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பலாம். பலகையொன்றை இடையே தள்ளலாம். பிரிந்ததும் வெவ்வேறு இடத்தில் அடைத்து, காயங்களைப் பார்க்கவேண்டும். மனிதரைப் பல் தீண்டியிருந்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கடித்த நாயைக் கொன்றுவிடாமல் இருவாரம் கட்டிவைத்துக் கவனித்தல் வேண்டும். அதனைத் துரத்திவிட்டாலோ நோயுண்டா இல்லையா என்பதை அறியும் வழியே போய்விடும். பின்னர் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும். நம் பகுதியார்க்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையும் எட்டாத தொலைவன்று. நோவு நீங்கியபின், இரு நாய்களையும் தூரத்தே வைத்து ஒரே திசையில் நடத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்கவிடலாம். உணவுக் கலங்கள் வேறாகவே இருக்கட்டும். சில நாய்கள் மீண்டும் இணங்கமாட்டா. அவற்றை நிலையாகப் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

சந்தையடியில் விடப்பட்ட நாயின் கதையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோவு இருந்தால் அது தீராது, தடுப்பூசியும் தவறும், அறியாத ஊர் நாய்களிடையே அச்சம் மிகும். ஒரு வீட்டின் சிக்கல் அவ்வூர்ப் பிள்ளைகளின் ஆபத்தாகிவிடும். காசி மன்னனிடம் கேட்கப்பட்ட கேள்வியை, தடியை எடுக்குமுன் நம்மை நாமே ஒருமுறை கேட்டுக்கொள்வோமாயின், நாயும் பிழைக்கும். நம் பிள்ளைகளும் காப்புறுவர்.