‘என்ன குரூப்?’: ஒரு கேள்வியோட வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

பத்தாவது ரிசல்ட் வர்ற வாரம் தமிழ்நாட்டுல எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: “என்ன குரூப் எடுக்கப் போற?” சில சொந்தக்காரங்க மார்க்கைக் கேக்குறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டுடுவாங்க. ரொம்பப் பழைய கேள்வி மாதிரி தோணும். ஆனா பதினஞ்சு வயசுல, பள்ளிக்கூடத்துக்குள்ளயே குரூப் எடுக்குற ஏற்பாடு தமிழ்நாட்டுக்கு வந்தது 1978-லதான். உங்க தாத்தா பாட்டி யாருமே இந்தக் கேள்வியைச் சந்திச்சிருக்க மாட்டாங்க.

இன்னைக்கு எபிசோட் இந்தக் கேள்வியோட வரலாறு. பரீட்சை முறை மாறும்போதெல்லாம் வீட்டுல இருக்குற அப்பா அம்மாவோட வேலை எப்படி மாறிச்சுன்னும் பார்க்கப் போறோம். கதை நடக்குற இடம் பெரும்பாலும் சிதம்பரமும் பிச்சாவரமும். நம்மில் பல பேருக்கு பிச்சாவரம்னா வீக்எண்ட் படகு சவாரி. ஆனா அந்தக் காட்டைச் சுத்தி ஒரு இருபது கிலோமீட்டர் வட்டம் போட்டீங்கன்னா, அதுக்குள்ள 1929-ல தொடங்கின ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. முதல் தலைமுறையா பள்ளிக்கூடம் போற பசங்களோட குடியிருப்புகளும் இருக்கு. அதனாலதான் இந்த இடம்.

எல்லாத்துலயும் பாஸ் ஆகணும்

முதல்ல கொஞ்சம் தெற்கே, கும்பகோணம் போவோம். வருஷம் 1904. ஜவுளிக்கடை கணக்கர் ஒருத்தரோட பையன் அரசுக் கல்லூரியில ஸ்காலர்ஷிப்போட எஃப்.ஏ. சேர்றான். பேரு ராமானுஜன். கணக்குல அவனை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா அன்னைக்கு எஃப்.ஏ.வுக்கு ஆங்கிலம், வரலாறு, உடலியல்னு எல்லாத்துலயும் பாஸ் ஆகணும். “எனக்கு கணக்கு மட்டும் போதும்”னு சொல்ல இடமே கிடையாது. ஆங்கிலத்துல போச்சு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு.

அடுத்து நடந்ததைக் கவனிங்க. அவரோட அம்மா கோமளத்தம்மாள் நேரா கல்லூரி பிரின்சிபால்கிட்டயே போய் நியாயம் கேட்டாங்க. பலன் இல்லை. 1905-ல பையன் வீட்டுல சொல்லாம விசாகப்பட்டினம் கிளம்பிட்டான். பெற்றோர் ‘தி ஹிந்து’ பத்திரிகைக்கு எழுதித் தேடுற நிலைமை. அப்புறம் சென்னை பச்சையப்பன் கல்லூரியில சேர்ந்தும் எஃப்.ஏ. கடைசி வரைக்கும் பாஸ் ஆகல.

இந்தக் கதையை நாம எப்பவும் மேதையோட கதையா மட்டும் சொல்றோம். இதுல ஒரு அம்மாவோட கதையும் இருக்கு. பாடத்துல உதவ அவங்களால முடியாது. அவங்களால முடிஞ்சது அந்த ஆபீஸ் கதவைத் தட்டுறது. இந்த எபிசோட் முழுக்க இந்தக் காட்சி வேற வேற உருவத்துல திரும்பி வரும்.

வீட்டால முடியலன்னா?

1911 வாக்குல சென்னை மாகாணத்துல எஸ்.எஸ்.எல்.சி. வந்தது. கட்டாயப் பாடங்களோட விருப்பப் பாடம்னு ஒரு பிரிவும் அதுல இருந்தது. ஆக, தேர்ந்தெடுக்குற உரிமை காகிதத்துல வந்தாச்சு. ஆனா அதைப் பயன்படுத்த முதல்ல பள்ளிக்கூடத்துக்குள்ள போகணுமே?

அப்போ சிதம்பரத்துல ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடித்தான் இருந்தது. 1916-ல சுவாமி சகஜானந்தர் அங்க நந்தனார் பேர்ல ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆரணி பக்கத்துல பிறந்து சிதம்பரம் வந்து சேர்ந்த துறவி அவர். பின்னாடி சட்டமன்றத்துலயும் பல வருஷம் இருந்தார். வெறும் வகுப்பறை கட்டினா போதாதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. வயல் வேலைக்குப் போற குடும்பத்துல, பையன் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான், ராத்திரி எங்க படிப்பான்? அதனால விடுதியும் சேர்ந்தே வந்தது. கும்பகோணத்துல ஒரு அம்மா தன் பையனுக்காகச் செய்யப் பார்த்ததை, இவர் முகம் தெரியாத நூத்துக்கணக்கான பிள்ளைங்களுக்குச் செஞ்சார். வீட்டால முடியாத வேலையை ஒரு அமைப்பு எடுத்துக்கிட்டது.

கிளை பிரியுற இடம் நகருது

1950-கள்ல சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு வருஷ இன்டர்மீடியட்டை எடுத்துட்டு ஒரு வருஷ பி.யு.சி.யைக் கொண்டு வந்தது. பதினொண்ணாவது முடிச்சு எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் கல்லூரியில பி.யு.சி. சயின்ஸா ஆர்ட்ஸாங்கிற பெரிய முடிவு அந்தக் கல்லூரி வாசல்லதான். அதாவது, கல்லூரி இருக்குற ஊருக்குப் போக முடிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியே. கல்லூரி இல்லாத ஊர்ல, பஸ் காசும் விடுதிச் செலவும் கட்ட முடியாத வீட்டுல, பதினொண்ணாவதோட கதை முடிஞ்சுடும்.

கோத்தாரி ஆணையம் 1966-ல கொடுத்த அறிக்கையிலதான் 10+2+3 திட்டம் வலுப்பெறுது. தமிழ்நாடு அதை 1978-ல நடைமுறைப்படுத்தி, ப்ளஸ் டூவைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வெச்சது. இது பெரிய மாற்றம். கல்லூரிக்கு அனுப்ப முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு கிட்டத்துலயே கிடைச்சது. அதே சமயம், முடிவு எடுக்குற வயசு ஒரு வருஷம் கீழ இறங்கிச்சு.

அதே நேரத்துல தொழிற்கல்வி குரூப்பும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியில தொழில் படிப்பு முக்கியமான பங்கா இருக்கணும்னு 1978-ல பரிந்துரைச்சது. ஆனா நம்ம வீடுகள் அதை எப்படிப் பார்த்துச்சு? மார்க் குறைஞ்சா போற இடம்னு. ஃபர்ஸ்ட் குரூப் ஒரு கௌரவமாவும் வொக்கேஷனல் ஒரு தண்டனையாவும் ஆச்சு. அரசாங்கம் பாடங்களைப் பிரிச்சது. அதுக்கு மேலே கீழேன்னு ஏணி போட்டது நாமதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் எல்லா குரூப்பும் இருக்காது. பிச்சாவரத்துக்கு வடக்கே பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்கு. 1960-கள்ல யு.ஜி.சி. உயர் ஆய்வு மையமா அங்கீகரிச்ச இடம். பிச்சாவரத்துக் கால்வாய்ல எந்த மாசம் எங்க இறால் வரும்னு பத்து வயசுலயே தெரிஞ்ச ஒரு பொண்ணு, அந்த மையத்துல படிக்க ஆசைப்படுறான்னு வெச்சுக்கோங்க. கிட்ட இருக்குற பள்ளியில பயாலஜி குரூப் கிடைக்கலன்னா, அந்த வழி பதினஞ்சு வயசுலயே அடைஞ்சுடும். அன்னைக்கு அது அடைஞ்சதுன்னு அவ வீட்டுல யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

ரிலீஸ் நோட்ஸ் இல்லாத சிஸ்டம்

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு சாஃப்ட்வேர்ல ரூல் மாத்தினா, யூஸ் பண்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும்னு எங்க வேலையில ஒரு ஒழுங்கு உண்டு. நம்ம பரீட்சை முறையோட வெர்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்க.

1984-ல இன்ஜினியரிங், மெடிக்கலுக்குத் தமிழ்நாடே நுழைவுத் தேர்வு கொண்டு வந்தது. இன்ஜினியரிங் கட்ஆஃப் 300-க்குக் கணக்கு போட்ட காலம் அது. கோச்சிங் சென்டர் இருக்குற ஊர்ப் பசங்களுக்கு அது சாதகமாச்சு. 2005-லயும் 2006 தொடக்கத்துலயும் அரசு அதை ரத்து பண்ணப் பார்த்தது, உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அந்த ரெண்டு வருஷம் ப்ளஸ் டூ எழுதின பசங்களை நினைச்சுப் பாருங்க. கடைசியா, ஆனந்தகிருஷ்ணன் குழுவோட அறிக்கைக்கு அப்புறம் 2006-ல வந்த சட்டம் நின்னது. 2007-ல இருந்து ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான், கட்ஆஃப் 200-க்கு.

பல பள்ளிக்கூடங்கள் பதினொண்ணாவது பாடத்தைத் தள்ளிவிட்டு ரெண்டு வருஷமும் பன்னிரண்டாவது பாடத்தையே உருப்போட வெச்சுட்டு இருந்தாங்க. அதைத் தடுக்க 2017-18-ல பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மெடிக்கலுக்கு 2017-ல நீட் வந்தது. 2021-ல கோவிட்னால ப்ளஸ் டூ பரீட்சையே நடக்கல. பத்தாவது மார்க்கில் 50 சதவீதம், பதினொண்ணாவதில் 20, பன்னிரண்டாவது செய்முறை, அகமதிப்பீட்டில் 30-னு கணக்கு போட்டாங்க. 2025-ல மாநிலக் கல்விக் கொள்கை வந்து, பதினொண்ணாவது பொதுத்தேர்வை எடுத்துடுச்சு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் இருந்தது, மறுக்கல. ஆனா வீட்டுல டீச்சரோ பேங்க் ஆபீசரோ இருந்தா இந்தச் சேதி அன்னைக்கே வந்துடும். மத்த வீட்டுக்கு ஒரு வருஷம் கழிச்சு வரும், சில சமயம் வரவே வராது. நல்லா படிக்கிற ரெண்டு பசங்களுக்கு நடுவுல வர்ற வித்தியாசம் பல நேரம் இதுதான்.

பதினொரு வயசுல எடுத்த முடிவு

2020-ல, நீட் பாஸ் பண்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமாச்சு. 2021-ல இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் மாதிரி படிப்புகளுக்கும் வந்தது. ரொம்ப நல்ல விஷயம். ஆனா ஒரு நிபந்தனை: ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். “பையன் நல்லா படிக்கிறான், கடைசி ரெண்டு வருஷம் கடன் வாங்கியாவது பிரைவேட்ல போடுவோம்”னு பாசத்தோட ஒரு அப்பா எடுக்குற முடிவு, அந்தக் கதவை மூடிடும். கிளை பிரியுற இடம் இப்போ பதினொரு வயசுக்கே இறங்கிடுச்சு.

பிச்சாவரத்துல இருளர் குடும்பங்கள் இருக்காங்க. கால்வாய்ல இறங்கிக் கையாலயே தடவி இறால் பிடிக்கிறவங்க. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியல்ல இருக்குற சமூகம். ஆனா பட்டியல்ல பேரு இருக்குறது வேற, கையில சான்றிதழ் இருக்குறது வேற. பழங்குடிச் சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து போதாது, கோட்டாட்சியர் விசாரிச்சுக் கொடுக்கணும். அப்பா அம்மாகிட்டயே சான்றிதழ் இல்லாத வீடுன்னா, எதை வெச்சு நிரூபிக்கிறது? வேலையை விட்டுட்டு எத்தனை நாள் ஆபீஸ் வாசல்ல நிக்கிறது? விடுதி, உதவித்தொகை, கவுன்சலிங்னு எல்லாம் அந்த ஒரு காகிதத்துல தொங்குது. அங்க ஒரு அம்மா பிள்ளையோட படிப்புக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த வாசல்ல நிக்கிறதுதான். 1904-ல கோமளத்தம்மாள் செஞ்ச அதே வேலை.

2010-ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரி சலுகை எனக்குப் பிடிச்ச திட்டம். குடும்பத்துல முதல் ஆளா தொழிற்படிப்புக்கு கவுன்சலிங் மூலமா வந்தா டியூஷன் ஃபீஸை அரசு கட்டும். வீட்டுல வழி சொல்ல ஆள் இல்லாததும் ஒரு வறுமைதான்னு ஒத்துக்கிட்ட திட்டம் அது. ஆனா பணம் வந்துச்சு, வழி சொல்ற ஆள் இன்னும் வரல.

அந்த ஆள் நீங்கதான் மக்களே. ஆபீஸ் கேப்ல போகும்போது இதைக் கேட்டுட்டு இருக்குற உங்களுக்கு ஊர்ல ஒரு சித்தி பையனோ, பக்கத்து வீட்டுப் பொண்ணோ இருப்பாங்க. “ஃபர்ஸ்ட் குரூப் எடு”ன்னு அவங்களுக்கு உத்தரவு போட வேண்டாம். முதல்ல அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேளுங்க. அப்புறம் நாலு விஷயம் பார்த்துக் கொடுங்க. கிட்ட இருக்குற எந்தப் பள்ளியில எந்த குரூப் இருக்கு? ஆசைப்படுற படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம்? அரசுப் பள்ளி ஒதுக்கீடு கைவிட்டுப் போகுமா? சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் ரெடியா? அவங்க அப்பா அம்மா தாலுகா ஆபீஸ் போகணும்னா, லீவு போட்டுக் கூடப் போங்க. ஃபார்ம்ல எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு பக்கத்துல நின்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா, அவங்க தலை குனிஞ்சு நிக்க வேண்டியிருக்காது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.