கோபே நகரின் மலைச்சரிவில் ஒரு பள்ளிவாசல்

சவ்வாது மலைத்தொடருக்கும் பாலாற்றுக்கும் அருகே அமைந்த வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களின் வரலாறு தோல் வணிகத்தின் வரலாறாகும். ஆவாரம் பட்டையிட்டுத் தோல் பதனிட்டுப் பொருளீட்டிய முஸ்லிம் வணிகப் பெருமக்கள், ஈட்டியதில் ஒரு பங்கைப் பள்ளிவாசலுக்கும் கல்விக்கும் ஈந்தனர். 1919இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி அதற்குச் சான்று. இதே வழக்கத்தை இந்திய முஸ்லிம் வணிகர்கள் கடல் கடந்தும் கொண்டு சென்றனர். ஜப்பானின் கோபே நகரில் அதன் அடையாளம் இன்றும் நிற்கிறது. நம்முள் அதனை அறிந்தோர் சிலரே.

கோபேயும் மலையடிவார ஊர்தான். வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், இடையே ஒடுங்கிய நிலம். அவ்வூரார் வழி சொல்லும்போது, திசைப் பெயரைக் கூறாமல் 'மலைப்பக்கம்', 'கடற்பக்கம்' என்றே கூறுவது வழக்கம். புதிதாய்ச் செல்பவருக்கு இதைவிட எளிய வழிகாட்டி வேறில்லை! சன்னோமியா ரயில் நிலையத்தில் இறங்கினால் எங்கும் மக்கள் வெள்ளம். பேரங்காடிகளும் உணவு விடுதிகளும் நெருங்கிய தெருக்களைக் கடந்து, மலைப்பக்கமாகக் கிட்டானோ சரிவில் கால் மணி நேரம் ஏறினால் இரைச்சல் அடங்கும். அயல்நாட்டு வணிகர் வாழ்ந்த பழைய மாளிகைகள் தென்படும். அவற்றுக்கு அணித்தே, குவிமாடமும் மினாராக்களும் கொண்ட கோபே பள்ளிவாசலைக் காணலாம்.

1868இல் கோபே துறைமுகம் அயல்நாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் இந்தியர் அங்கே பெருகியது 1923க்குப் பின்னரே. அவ்வாண்டு செப்டம்பரில் நேர்ந்த பெரும் நிலநடுக்கம் யொகொஹாமாவை அழித்தது. அங்கிருந்த இந்திய வணிகர் பலர் கோபேக்குக் குடிபெயர்ந்து, துணி ஏற்றுமதியில் ஈடுபட்டனர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாடிழந்த தாத்தாரிய முஸ்லிம்களும் அங்கே வந்து சேர்ந்திருந்தனர். வணிகம் தேடி வந்தவரும் புகலிடம் தேடி வந்தவரும் ஒன்றுகூடிப் பொருள் திரட்ட, செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் யோசெப் ஷ்வாகர் வரைந்த அமைப்பில் 1935இல் பள்ளிவாசல் எழுந்தது. ஜப்பானில் இன்றும் நிற்கும் பள்ளிவாசல்களுள் மூத்தது இதுவே. 1938இல் டோக்கியோவில் கட்டப்பட்ட பள்ளிவாசல் பழுதுற்று, 1986இல் இடிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில்தான் புதிதாய் எழுந்தது.

கட்டியவர்கள் மரத்தை நாடாமல், இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டால் கட்டினர். அம்முடிவின் மதிப்பு பத்தாண்டுகளுக்குள் விளங்கிற்று. 1945இல் அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் கோபேயின் மரவீடுகள் தெருத்தெருவாகச் சாம்பலாயின. எரிந்த வெளியின் நடுவே பள்ளிவாசல் உயர்ந்து நிற்கும் புகைப்படம் பலரும் அறிந்தது. மீண்டும் 1995 ஜனவரி 17 அன்று விடியுமுன் நிலம் அதிர்ந்தபோது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெடுஞ்சாலைப் பாலமே சரிந்து வீழ்ந்தது. பள்ளிவாசல் அதனையும் தாங்கி நின்றது.

இந்தியாவின் வணிகரை வரலாறு பெரும்பாலும் கணக்கேட்டைக் கொண்டே அளந்து வந்துள்ளது. எத்தனை பேல் துணி, எத்தனை கட்டுத் தோல் என்பது மட்டும் அவர்தம் வரலாறு ஆகுமா? கோபேயில் அன்று பொருள் ஈந்த வணிகர்களின் கடைகளைத் தேடுபவர் காண்பது புதிய கட்டடங்களையே. பள்ளிவாசலிலோ இன்று இந்தோனேசியரும் பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவரும் ஜப்பானிய முஸ்லிம்களும் ஒரே ஸஃப்பில் நின்று ஜும்ஆ தொழுகின்றனர். தொழுது வெளியே வருவோர்க்கு ஹலால் இறைச்சியும் மசாலாவும் அடுத்த தெருவிலேயே கிடைக்கின்றன.