மார்பகக் கட்டி: அச்சம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

மார்பகத்தில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. இளம் பெண்களுக்கு ஃபைப்ரோஅடினோமா எனப்படும் நார்த்திசுக் கட்டியும், நாற்பது வயதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டியும் பரவலாகக் காணப்படுகின்றன. ஆயினும் கட்டியை விரலால் உணர்ந்த கணத்தில் எழும் அச்சம், பலரை மருத்துவரிடம் அனுப்புவதற்கு மாறாக வீட்டிலேயே முடக்கிவிடுகிறது. வலி இல்லையே, பொறுத்துப் பார்க்கலாம் என்று நாள்களைக் கடத்துவோரும் உண்டு. தொடக்க நிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இதிலுள்ள ஆபத்து.

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அதாவது, புதிய நோயாளிகள் இருவருக்கு ஓர் உயிரிழப்பு. உலக அளவில் இந்த விகிதம் ஏறத்தாழ மூன்றரைக்கு ஒன்று. நோய் முற்றிய பிறகே இந்தியப் பெண்கள் பலர் சிகிச்சைக்கு வருவது இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம்.

மும்பை காட்டிய வழி

பரிசோதனை என்றவுடன் மேமோகிராம் கருவியே நினைவுக்கு வருகிறது. கருவியும் அதைப் படித்தறியும் வல்லுநரும் எல்லா ஊர்களிலும் இல்லாத நாட்டில், அதை மட்டுமே நம்பியிருப்பது இயலாத காரியம். இக்கேள்விக்கு விடை தேடி, மும்பையின் டாடா நினைவு மருத்துவமனை 1998ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், ஒரு பிரிவினரின் மார்பகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள் கைகளால் பரிசோதித்தனர். மற்றொரு பிரிவினருக்கு விழிப்புணர்வுக் கல்வி அளிக்கப்பட்டது.

இருபது ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டோர் அதிகம். 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தன. ஐம்பதுக்கு உட்பட்டோரிடம் மரண விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இந்த வரம்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும், விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி, பயிற்சி பெற்ற கைகளால் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே கிடைத்த வலுவான சான்று இது.

சுயபரிசோதனையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சீனாவின் ஷாங்காய் நகரில் 2.66 லட்சம் ஜவுளித் தொழிலாளப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சுயபரிசோதனை கற்பிக்கப்பட்டதால் மரணங்கள் குறையவில்லை. புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்கான திசுப் பரிசோதனைகளே கூடின. தன் உடலின் இயல்பை அறிந்து, மாற்றத்தைக் கவனிப்பது நன்று. ஆனால் முறையான பரிசோதனைக்கு அது மாற்றாகாது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய கைப்பரிசோதனையைப் பரிந்துரைக்கின்றன. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படும் அரசு சுகாதார மையங்களில் இது இலவசம். ஆனால், 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகக் கூறியோர் 0.9 சதவீதமே. நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. திட்டம் தாளில் இருப்பதற்கும் பெண்ணைச் சென்றடைவதற்கும் உள்ள தொலைவை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

மீண்டும் வரச் சொன்னால்

மேமோகிராம் எடுத்த பின் கூடுதல் படம் வேண்டும் என்று மருத்துவமனை அழைப்பது, புற்றுநோய் உறுதியாகிவிட்டது என்பதன் அறிகுறி அன்று. அவ்வாறு அழைக்கப்படுவோரில் பெரும்பாலோர் நோயின்றியே திரும்புகின்றனர். மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட் படம், தேவைப்பட்டால் ஊசி மூலம் எடுக்கும் திசுவின் ஆய்வு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்தே முடிவு எடுக்கப்படுகிறது. ஊசி குத்தினால் புற்றுநோய் உடல் முழுதும் பரவிவிடும் என்ற நம்பிக்கை இன்றும் பலரைத் தடுக்கிறது. அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.

மேமோகிராமுக்கும் குறைகள் உண்டு. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் கட்டி படத்தில் மறைந்துவிடக்கூடும். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் கூடுதலாக உதவும். வாழ்நாளில் தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய சிறு புற்றுகளும் சில வேளைகளில் கண்டறியப்பட்டுச் சிகிச்சைக்கு உள்ளாகின்றன. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எடுக்குமாறு 2024இல் பரிந்துரைத்தது. தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருந்தால், எந்த வயதில் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.

புதிய கட்டி, தோலில் குழிவு அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும். ஆண்களுக்கும், அரிதாயினும், இந்நோய் வருவதுண்டு.

மேமோகிராமின்போது மார்பகம் இரு தகடுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தப்படும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் சென்றால் வலி குறைவாக இருக்கும். அன்று அக்குளில் பவுடரோ வாசனைத் திரவியமோ பூசக் கூடாது. அவற்றின் துகள்கள் படத்தில் புள்ளிகளாகத் தோன்றக்கூடும். முந்தைய ஆண்டுகளின் படங்கள் இருந்தால் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டே புதிய மாற்றத்தை மருத்துவர் இனங்காண்கிறார்.