பிஷப் ஹில்: கல்லில் இல்லாத பெயர்கள்

பிஷப் ஹில் கல்லறைத் தோட்டத்தில் எரிக் யான்சனின் கல்லறையைக் கண்டுபிடிப்பது எளிது. சுவீடனின் அரசுத் திருச்சபையோடு மோதி, 1846இல் தம் அடியார்களை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் புல்வெளிக்கு அழைத்துவந்து இந்த ஊரை நிறுவியவர் அவர். 1850 மே 13 அன்று அருகிலுள்ள கேம்பிரிட்ஜ் ஊரின் நீதிமன்றத்தில் அவரைச் சுட்டுக் கொன்றவர் ஜான் ரூட், யான்சனின் உறவுப் பெண்ணை மணந்தவர். நான் தேடியது யான்சனை நம்பி வந்து மாண்டவர்களை.

முதல் குளிர்காலத்தில் பலர் ஓடைச் சரிவைக் குடைந்த மண்குழிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 96 பேர் இறந்ததாகச் சொல்வதுண்டு. 1849 கோடையில் காலரா வந்தது. 143 பேர் என்கின்றன பழைய வரலாறுகள். நூலுக்கு நூல் எண்கள் வருகின்றன, பெயர்கள் வருவதில்லை.

காலராவுக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறந்தவர்களுக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. ஜூன் 1க்கு முந்தைய ஓராண்டில் இறந்தவரின் பெயர், வயது, மாதம், நோய், எத்தனை நாள் படுத்திருந்தார் என்பதுவரை அதில் கேட்டார்கள். காலரா அந்த ஓராண்டுக்குள் வருகிறது. ஆனால் குடும்பமே அழிந்திருந்தால் பதில் சொல்ல யார் இருப்பார்கள்?

முதல் குளிர்காலத்துக்கு அந்தப் பட்டியலும் உதவாது. அதனால் இவர்களில் பலர் புறப்பட்டுவந்த சுவீடனின் ஹெல்சிங்லாந்து திருச்சபைப் பங்குகளின் ஏடுகளுக்குப் போனேன். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி குருமார்கள் வீட்டுக்கு வீடு ஆட்களின் பெயரையும் வேத அறிவையும் எழுதிவந்தார்கள். யான்சனைக் கள்ளப் போதகர் என்று எதிர்த்த அதே குருமார்களின் கையெழுத்தில்தான் அவருடைய எளிய அடியார்கள் இன்றும் பெயரோடு இருக்கிறார்கள். என்னை இதைப்போல் வேறெதுவும் அசைக்கவில்லை.

அந்த ஏடுகளை நியூயார்க் கப்பல் பயணியர் பட்டியல்களோடும் 1850 கணக்கெடுப்போடும் ஒப்பிட வேண்டும். நம் இனிஷியலைப்போல் அவர்களுக்கும் தந்தை பெயர்தான் அடையாளம். கணவன் ஓல்சன், மனைவி பேர்ஸ்டாட்டர். குடும்பப்பெயரை வைத்துத் தேடினால் ஒரே வீட்டார் சிதறிப்போவார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்துக் காணாமற்போனவர் எல்லாரும் இறந்தவர் அல்லர். பலர் யான்சனை விட்டுப் பிரிந்து, அருகிலுள்ள விக்டோரியா ஊரில் இருந்த மெதடிஸ்ட் போதகர் யோனாஸ் ஹெட்ஸ்ட்ரோமிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே 143 என்பதை முடிந்த கணக்காக நான் ஏற்கமாட்டேன். பெயர், பிறந்த பங்கு, இறந்த மாதம் மூன்றும் பொருந்தியவரை மட்டுமே காலராவில் இறந்தவராக எழுத வேண்டும். குடியேறியோர் கல்லறைகளை ஆராய்பவர்கள் கல்வெட்டைப் படியெடுத்ததோடு நின்றுவிட வேண்டாம். குடியேறியோர் புறப்பட்ட ஊரின் ஏட்டையும் திறந்து பாருங்கள்.