தெருவே அரங்கம்: நியூ ஆர்லியன்ஸ் பித்தளை இசைக்குழுக்களின் மரபும் மாற்றமும்

மரபிசை என்றவுடன் மாறாத இசை என்னும் எண்ணமும் நம் மனத்தில் எழுந்துவிடுகிறது. மாறினால் மரபு கெடும் என்பது அவ்வெண்ணத்தின் அடுத்த படி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஒலித்துவரும் பித்தளை இசைக்குழுக்களின் வரலாறு இவ்விரு எண்ணங்களையும் மறுஆய்வு செய்யத் தூண்டுகிறது. 1970களில் நலிந்து நின்ற அம்மரபு எவ்வாறு மீண்டது, அம்மீட்சி எத்தகைய கருத்து மோதலுக்கு வழிவகுத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

டிரம்பெட், டிராம்போன், டியூபா முதலான ஊதுகருவிகளும் பெருமுரசும் ஐரோப்பிய இராணுவ வாத்தியக் குழுக்களின் வழியே அந்நகருக்கு வந்தவை. அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களிடம் வேறொரு தாள மரபு முன்பே இருந்தது. அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடுவதற்கு 1817ஆம் ஆண்டு நகர ஆணை ஓரிடத்தை மட்டும் அனுமதித்தது. காங்கோ சதுக்கம் எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில் ஆப்பிரிக்கத் தாளங்கள் ஒலித்தன. அடிமை முறை ஒழிந்தபின், இராணுவக் கருவிகளும் அத்தாள உணர்வும் ஒன்றுகூடுவதற்கு வாய்ப்பளித்தவை அரங்குகள் அல்ல. சவ அடக்கச் சங்கங்களே என்பது நோக்கத்தக்கது. உறுப்பினர்கள் செலுத்திய சந்தாவைக் கொண்டு இச்சங்கங்கள் நோயுற்றோருக்கு மருத்துவமும் இறந்தோருக்கு முறையான அடக்கமும் அளித்தன. அடக்கத்தின் ஒரு பகுதியாகவே இசைக்குழுவும் அமர்த்தப்பட்டது.

அச்சடங்கின் அமைப்பைச் சற்று விரிவாகக் காணுதல் வேண்டும். கல்லறை நோக்கிச் செல்லும்போது குழுவினர் மிக மெதுவான இரங்கலிசையை வாசித்தபடி அடிமேல் அடிவைத்து நடப்பர். சிறுமுரசின் அடித்தோலைத் தொட்டு அதிரும் கம்பிகள் தளர்த்தப்பட்டு, ஒலி மழுங்கியிருக்கும். உடலுக்கு விடைகொடுத்தபின் அக்கம்பிகள் மீண்டும் இறுக்கப்படும். முரசுக்காரர் கொடுக்கும் குறிப்பைத் தொடர்ந்து, கேட்போரை ஆடவைக்கும் விரைவிசை எழும். குடும்பத்தினரும் சங்கத்தினரும் இசைஞரும் முதல் வரிசை; இசையால் ஈர்க்கப்பட்டுக் குடையும் கைக்குட்டையும் வீசி ஆடிக்கொண்டு பின்தொடரும் பொதுமக்கள் இரண்டாம் வரிசை. இந்த இரண்டாம் வரிசையின் பெயரே அவ்வூர்வலங்களுக்கும் அவற்றின் தாளத்திற்கும் பெயராயிற்று. அழைப்பில்லாமல் வருபவர்களின் பெயர் ஒரு கலைக்கே பெயரானது வேறெங்கேனும் உண்டோ என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1960களின் இறுதியில் இக்குழுக்களில் இருந்தவர்களுள் பலர் முதியவர்கள். இளைஞர்களுக்கு இது பாட்டனார் காலத்து இசையாகத் தோன்றியது. 1973இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு திரைப்படம் ஒன்றில் இறுதி ஊர்வலக் காட்சிக்கு ஒலிம்பியா இசைக்குழு வாசித்தது. வெளியுலகிற்கு அம்மரபு ஒரு காட்சிப் பொருளாகிவிட்டதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம். இச்சூழலில்தான் டேனி பார்க்கரின் பணி முதன்மை பெறுகிறது. நியூயார்க்கில் நெடுங்காலம் கித்தாரும் பாஞ்சோவும் வாசித்துவிட்டு 1965இல் ஊர் திரும்பிய அவர், 1970 வாக்கில் ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தில் சிறுவர் குழுவொன்றைத் தொடங்கினார். இசைஞர் சங்கத்தின் எதிர்ப்பால் சில ஆண்டுகளில் அவர் விலக நேர்ந்தது. ஆயினும் அச்சிறுவர்களே அடுத்த தலைமுறையின் ஆசிரியர்களாயினர்.

1977இல் உருவான டர்ட்டி டசன் இசைக்குழு செய்த மாற்றம் அடிப்படையானது. பழைய முறையில் டியூபா தாளத்தின் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் துணைக்கருவி. இக்குழுவில் சூசாபோன் என்னும் பெருங்கருவியை வாசித்த கிர்க் ஜோசப், ஃபங்க் இசையின் மின்கித்தார் வாசிப்பைப் போல, குறுகிய சொற்கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஊதி அதனையே பாடலின் முதுகெலும்பாக்கினார். அதன்மேல் பீபாப் ஜாஸ் மெட்டுகள் அமர்ந்தன. வேகம் கூடியது, ஆடுவோரின் அடவும் அதற்கேற்ப மாறியது. முரசுகளோ மாறவில்லை. சிறுமுரசு ஒருவரிடமும், கைத்தாளம் பொருத்திய பெருமுரசு மற்றொருவரிடமும் பழையபடியே இருந்தன. புதுமை முழுவதும் இந்தப் பழைய அடித்தளத்தின்மீதே எழுந்தது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத உண்மையாகும்.

1983இல் டிரெமே வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் தொடங்கிய ரீபெர்த் குழு இதனை மேலும் நகர்த்தியது. சீருடையும் தொப்பியும் போய்ப் பனியன் வந்தது. கிளாரினெட் மறைந்தது. ஹிப்ஹாப் பாணியில் கூட்டமாக முழங்கும் வரிகள் சேர்ந்தன. 2012இல் அக்குழு கிராமி விருது பெற்றது.

மூத்தோர் சிலர் இதனை ஏற்கவில்லை. அவர்களின் முறையீடு வெறும் பழமைப்பற்று அன்று. இரங்கலிசை வாசிப்பதற்கு நீண்ட மூச்சும், பல குரல்களை இசைவித்துச் செல்லும் பயிற்சியும் தேவை. யுரேகா போன்ற பழைய குழுக்கள் அவற்றை இசைக்குறிப்பு ஏடுகளைப் பார்த்தே வாசித்தன. அது கைவிடப்பட்டால் சடங்கின் முற்பாதி, அதாவது துக்கம், இல்லாமற்போகும் என அவர்கள் அஞ்சினர். இவ்வச்சம் நியாயமானதே என்பது என் கருத்து. மறுபக்கத்தையும் மறுப்பதற்கில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து பெருகிய துப்பாக்கி வன்முறையில் மாண்டோர் இளைஞர்கள். அவர்களுடைய தோழர்கள் தாங்கள் சேர்ந்து ஆடிய இசையாலேயே அவர்களை வழியனுப்ப விரும்பினர். மேலும், இன்று மரபு எனப் போற்றப்படும் ஜாஸையே 1918இல் அந்நகர நாளிதழ் தன் தலையங்கத்தில் பண்பாடற்றது என இகழ்ந்தது.

இக்கருத்து மோதலைவிடப் பெரிய இடர்கள் வெளியிலிருந்து வந்தன. கிளேபோர்ன் சாலையின் நடுவே நின்ற கருவாலி மரங்கள் 1966இல் வெட்டப்பட்டு, அங்கு உயர்நெடுஞ்சாலை எழுந்தது. கறுப்பின மக்களின் வணிகமும் திருவிழாவும் செழித்த இடம் அது. இன்று ஊர்வலங்கள் அப்பாலத்தின் அடியில் நின்று வாசிக்கின்றன. சிமெண்டுக் கூரை எதிரொலித்து இசையைப் பெருக்குகிறது. 2005 ஆகஸ்டு 29ஆம் நாள் தாக்கிய கத்ரீனா சூறாவளியில் நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. இசைஞர்கள் பல மாநிலங்களுக்குச் சிதறினர். திரும்பியோருக்கு ஊர்வல அனுமதிக் கட்டணம் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. சங்கங்கள் வழக்குத் தொடுத்து 2007இல் அதனைக் குறைக்கச் செய்தன.

அதே ஆண்டு அக்டோபர் முதல்நாள் மாலை, ரீபெர்த் குழுவை நிறுவிய சகோதரர்களின் தம்பியும் டியூபா கலைஞருமான கெர்வின் ஜேம்ஸ் மறைவை முன்னிட்டு டிரெமே தெருவில் இசைஞர்கள் வாசித்துக்கொண்டு சென்றனர். அனுமதியின்றி ஊர்வலம் சென்றதாகக் காவல்துறை அதனை நிறுத்தி இருவரைக் கைது செய்தது. அன்று தடைபட்டது ஃபங்க் மெட்டோ ஹிப்ஹாப் முழக்கமோ அன்று. மரபை அழிப்பவர்கள் எனக் குறைகூறப்பட்ட அந்தத் தலைமுறையினர் அப்பொழுது வாசித்துக்கொண்டிருந்தது 'ஐல் ஃபிளை அவே' என்னும் பழைய கிறித்துவப் பக்திப்பாடல். மறுநாள் மாலை அனுமதி பெற்றுக்கொண்டு அவர்கள் மீண்டும் அதே வட்டாரத்தில் நடந்தனர்.