மருந்தடிக்க வந்த ஆளில்லா ஹெலிகொப்டர்

பதிவு கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதை நம்மூரில் எல்லோரும் அறிந்தது. அதே யப்பான் பிற்காலத்தில் நெல் வயலுக்கென்று ஒரு ஹெலிகொப்டர் செய்தது. அதில் ஆள் ஏறுவதில்லை. இந்தக் கதைதான் நமக்கு அதிகம் தெரியாது.

ஆளில்லாமல் சுமை தூக்கும் ஹெலிகொப்டர் முதலில் யுத்தத்துக்காகவே பறந்தது. 1960களில் அமெரிக்கக் கடற்படை ‘டாஷ்’ என்ற ஒன்றை வைத்திருந்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தாக்கும் டோபிடோவைச் சுமந்துகொண்டு கப்பல் தளத்திலிருந்து கிளம்பும். 700க்கு மேல் செய்தார்கள். பாதிக்கு மேல் தொலைந்தே போயின.

யப்பானின் தேவை வேறு. பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட, வயலில் மிஞ்சியது வயதானவர்கள். விமானி ஓட்டும் ஹெலிகொப்டரால் மருந்தடித்தும் பார்த்தார்கள். சின்னச் சின்ன வயல், பக்கத்திலேயே வீடு. மருந்து காற்றோடு போய் முற்றத்தில் விழுந்தது. 1983இல் விவசாய அமைச்சைச் சார்ந்த சங்கமொன்று யமஹாவிடம் இந்த வேலையைக் கொடுத்தது. ஆம், மோட்டார் சைக்கிள் யமஹாதான். 1987இல் ஆர்-50 வந்தது, 20 கிலோ சுமக்கும். 1997இல் வந்த ஆர்-மெக்ஸ் 28 கிலோ வரை சுமந்தது.

ஆர்-மெக்ஸில் இரண்டு தாங்கிகள், ஒவ்வொன்றிலும் 8 லீற்றர். மொத்தம் 16 லீற்றர்! நம் தம்பிமார் முதுகில் மாட்டும் மெஷினின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அந்த 16 லீற்றரில் அது ஐந்து ஏக்கரளவு அடித்துவிடும். இங்கே ஒரு ஏக்கருக்கே பல தடவை தண்ணீர் நிரப்பி, சேற்றில் இறங்கி நடக்க வேண்டும். சூட்சுமம் என்னவென்றால், மருந்தைக் கடும் செறிவில் கலந்து, பயிருக்கு மேல் மூன்று நான்கு மீற்றர் உயரத்தில் பறக்கும்போது, விசிறியின் காற்றே அதை இலைக்கு அடியிலும் தள்ளிவிடுகிறது. செறிவு கூடியதால் காற்றில் அலைந்தால் ஆபத்தும் கூட. அதனால் இயக்குபவருக்குப் பயிற்சியும் அனுமதியும் கட்டாயம். வயலின் மறுகரையில் இன்னொருவர் நின்று வழி சொல்வார். கிணறும் பள்ளிக்கூடமும் வயலை ஒட்டியிருக்கும் நம் பக்கத்துக்கு இது அவசியமான பாடம்.

பிறகு யுத்தமும் இதைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. 2011 டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் ‘கே-மெக்ஸ்’ என்ற பெரிய ஹெலிகொப்டர் ஆளில்லாமல் படைமுகாம்களுக்குச் சாமான் இறக்கத் தொடங்கியது. வீதியோரக் குண்டில் லொறிச் சாரதிகள் சாவதைக் குறைக்கத்தான். ஏறத்தாழ 2,000 தொன் சுமந்தது.

இப்போது இலங்கையிலும் மருந்தடிக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. பெற்றோல் எஞ்சினுக்குப் பதில் பற்றரி, வேலை அதேதான். முள்ளிப்பொத்தானையிலிருந்து கந்தளாய் வரை வரம்பில் நடந்து பாருங்கள். கையுறையும் இல்லாமல், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பவர்களைக் காணலாம். அந்த முதுகிலிருந்து சுமை இறங்குவதை நான் வரவேற்கிறேன். ஆனால் யப்பானில் கூலியாள் போன பிறகு மெஷின் வந்தது. இங்கே ஆள் இன்னும் வயலில் நிற்கிறார். அன்றைய கூலியில்தான் அன்றிரவு அடுப்பு எரிகிறது.

அங்கே ஒரு மெஷினின் விலை தனி விவசாயிக்கு எட்டாதது. கூட்டுறவுச் சங்கங்களும் ஒப்பந்தக்காரரும் வாங்கி, ஊர் ஊராக அடித்துக் கொடுத்தார்கள். நம் கமக்காரர் அமைப்புகளும் அப்படிச் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். பயிற்சிக்கு அனுப்பும்போது, இன்று முதுகில் மெஷின் சுமக்கும் தம்பிமாரின் பெயரை முதலில் எழுதுங்கள். பெரும்போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதை யாராவது எழுப்புவீர்களா? கருத்துகளில் சொல்லுங்கள்.