படத்தின் ஓரத்தில் நின்றவள்

பழைய குடும்ப நிழற்படங்களில் நடுவே அமர்ந்திருப்போரையே நம் கண்கள் நாடுகின்றன. ஓரத்தில் குழந்தையை ஏந்தி நிற்பவள் யாரென நாம் வினவுவதில்லை.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1858இல் எடுக்கப்பெற்ற படமொன்றில், லூயிசா என்னும் அடிமைப் பெண் தன் உடைமையாளரின் குழந்தையை ஏந்தியிருக்கின்றாள். குழந்தைக்குக் குடும்பப் பெயருண்டு. அவளுக்கோ லூயிசா என்ற பெயர் மட்டுமே எஞ்சியது. மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த ஹாரியட் டப்மன், ஏறத்தாழ ஆறு வயதிலேயே பிறர் குழந்தையைத் தாலாட்ட அனுப்பப்பெற்றார். குழந்தை அழுதால் கசையடி பட்டவர் அவரே. படம் அணைப்பைக் காட்டும், அடியைக் காட்டாது.

இக்கொடுமை நமக்குத் தொலைவானதன்று. கோலாலம்பூர் உள்ளிட்ட மலாயா நகரங்களின் செல்வர் இல்லங்களில், வறிய சீனச் சிறுமியர் பணத்திற்குக் கைமாற்றப்பெற்று, ஊதியமின்றி வீட்டுவேலையும் குழந்தைப் பராமரிப்பும் செய்தனர். அவர்களை 'மூய் சாய்' என்றழைத்தனர். கந்தோனிய மொழியில் அதற்குச் 'சின்னத் தங்கை' என்பது பொருள். உறவுப் பெயரே விலங்கை மறைத்தது! நீரிணைக் குடியேற்றங்களில் 1932இல் இதற்கெதிரான சட்டம் பிறந்தது. 1936இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் ஹாங்காங்கையும் மலாயாவையும் ஆராய்ந்து, 1937இல் அறிக்கை தந்தது. அதன் உறுப்பினர் எடித் பிக்டன் டர்பர்வில் அம்மையார், எப்பெயரால் கைமாற்றப்பெறினும் எல்லாச் சிறுமியரையும் காத்தல் வேண்டுமெனத் தனியறிக்கை எழுதினார்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் நம் இல்லங்களிலும் பழைய படங்கள் உள. அவற்றை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர், "ஓரத்தில் நிற்பவள் யார்? அவள் பள்ளிக்குச் சென்றாளா? ஊதியம் பெற்றாளா?" என்றும் கேட்பாராக. விடை கிடையாமற் போகலாம். ஆயினும், அவளுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை மாணவர் உணர்வர் அன்றோ?